‘வராது’ என்று எழுதிய கையால் ஒரு மடல்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மதிப்பெண்ணை வைத்து மூன்று குழுக்களாகப் பிரித்துவிட்டீர்கள். முதல் குழுவுக்கு முழுப் பாடம், இரண்டாம் குழுவுக்குக் கொஞ்சம் குறைத்த பாடம், மூன்றாம் குழுவுக்குத் தேர்ச்சி பெறுவதற்கு வேண்டியது மட்டும். இதற்கு ஆதாரமாக நீங்கள் வைத்துக்கொண்டது 60 நிமிடத்தில் 40 கேள்விகள் கொண்ட ஒரே ஒரு தேர்வு. அதே வாரத்தில் ஆசிரியர்கள் எல்லோரையும் உட்காரவைத்து ‘வளரும் மனப்பான்மை’ பற்றி ஒருநாள் பயிற்சியும் கொடுத்தீர்கள். முயன்றால் எல்லோராலும் கற்க முடியும் என்ற வாசகத்தை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டச் சொன்னீர்கள். இந்த இரண்டு செய்திகளும் ஒரே சுற்றறிக்கையில் வந்தன.

பதினோரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து சொன்னேன். இந்த ஆண்டு இப்படியே போகட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் குழுவுக்குக் கணக்கு எடுப்பவள் நான். என் எதிரில் உட்கார்ந்திருக்கிற 34 பிள்ளைகளுக்கு இந்த ஏழாம் வகுப்பு இன்னொரு முறை கிடைக்கப் போவதில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பட்டியல் ஒட்டிய அன்று காலையில் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூன்று தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு பெயர் தேடினார்கள். கூட்டம் குறைந்ததும் ஒரு பையன் வந்தான். ஆறாம் வகுப்பிலும் என்னிடம் படித்தவன்தான். அவன் முதல் தாளைப் பார்க்கவில்லை, இரண்டாவதையும் பார்க்கவில்லை. நேராக மூன்றாவது தாளுக்குப் போய், கீழே கடைசிப் பெயரில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே ஏற்றிக்கொண்டு வந்தான். ஏழாவது வரியில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லாமல் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது. தேட வேண்டிய இடம் கடைசித் தாளின் அடிப்பக்கம் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆறு ஆண்டுகளாக, வாய்விட்டுச் சொல்லாமலேயே. அந்தப் பட்டியல் அதை எழுத்தில் உறுதி செய்தது, அவ்வளவுதான்.

உங்களைக் குற்றம் சொல்லும் முன் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு ஆசிரியையாகி 19 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஏழெட்டு ஆண்டுகள் நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். அதைப் பலகையில் ஒட்டவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆண்டு தொடங்கி மூன்று வாரத்துக்குள் என் மதிப்பெண் பதிவேட்டில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சின்னதாக ‘வ’ என்று போட்டுவைப்பேன். ‘வராது’ என்பதன் சுருக்கம் அது. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று எனக்கே ஒரு குறிப்பு, வேலையைத் திட்டமிட உதவும் என்றுதான் நினைத்தேன். ஆண்டுக் கடைசியில் பார்த்தால் ‘வ’ போட்ட பிள்ளைகள் அநேகமாக எல்லோருமே கீழேதான் இருப்பார்கள். என் கணிப்பு சரியாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அதை இன்று நினைத்தால் மனம் கூசுகிறது.

வராது என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கணக்கு வராது, பாட்டு வராது, கையெழுத்து வராது என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ‘வரவில்லை’ என்றால் இதுவரை நடக்கவில்லை, நாளைக்கு நடக்கலாம். ‘வராது’ என்றால் நாளைக்கும் நடக்காது, அதற்கப்புறமும் நடக்காது. மூன்று வாரம் மட்டுமே பார்த்த ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி இப்படி அடித்துச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? இப்போது 60 நிமிடத் தேர்வை வைத்துச் சொல்ல உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

என் பார்வை ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் மாறவில்லை. ஒரு சிறுமியின் நோட்டில் மாறியது. அவள் பெயருக்கு எதிரிலும் ‘வ’ இருந்தது. பின்னக் கூட்டலில் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிற பழைய தவறு, ஆயிரம் முறை பார்த்தது. வழக்கம்போலச் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போடப் போனேன். அன்று ஏனோ, “இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லேன்” என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சொன்னாள்: “முதல் டெஸ்ட்ல ரெண்டு கேள்வி, அதுல ஒண்ணு சரி. அடுத்த டெஸ்ட்ல மூணு கேள்வி, அதுலயும் ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சு கேள்வி, ரெண்டு சரி. அப்ப அஞ்சுல ரெண்டுதானே டீச்சர்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் சொன்னது அவள் எடுத்துக்கொண்ட கதைக்கு முழுக்கச் சரி. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்ப்பதற்கு அதுதான் வழி. தவறு எங்கே என்றால், அங்கே ‘முழுசு’ என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பின்னக் கூட்டலில் முழுசு ஒன்றேதான். இந்த நுணுக்கத்தை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை வெட்டினேன். ஒன்றைப் பாதியாக மடித்தோம், இன்னொன்றை மூன்றாக மடித்தோம். ஒரு பாதியையும் ஒரு மூன்றில் ஒன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு நோட்டில் இருந்த 2/5-ஐப் பார்த்தாள். “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் குறைஞ்சு போகுமா? தப்பா இருக்கே” என்று அவளே சொன்னாள். 5/6 என்ற விடைக்கு வர இன்னும் இரண்டு நாள் ஆனது. ஆனால் அந்த இரண்டு நாளும் யோசித்தவள் அவள்தான். எனக்கு வேலை காகிதம் வெட்டிக் கொடுத்தது மட்டுமே.

அன்று மாலை பதிவேட்டை எடுத்து எல்லா ‘வ’-வையும் ரப்பரால் அழித்தேன். அழித்தது சுலபம். அப்படிப் பார்ப்பதை விடுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. அந்தப் பழக்கம் என் வாயில் இருந்தது, கண்ணில் இருந்தது, கடிகாரத்தில்கூட இருந்தது. கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு வாரம் முழுக்கப் போனை மேசைமேல் வைத்து என் வகுப்புகளை நானே பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். ‘நன்றாகப் படிக்கிற’ பிள்ளையிடம் கேள்வி கேட்டால் நான்கைந்து நொடி காத்திருக்கிறேன். திணறினால் துப்புக் கொடுக்கிறேன், கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். ‘வராத’ பிள்ளை என்றால் ஒரு நொடிகூட இல்லை, “சரி, உட்காரு, வேற யாரு?” என்று தாவிவிடுகிறேன். அது அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தாமல் இருப்பதற்கு என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் நூற்றுக்கணக்கான வகுப்புப் பதிவுகளைக் கேட்டு இதையே கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, ‘தெரியாது’ என்பது குறைந்தது, அதுவரை பேசாதவர்கள் பேசினார்கள். பயிற்சி நாளில் எங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான். வாசகம் வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உங்கள் குழுவில் இருக்கலாம். ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த ஆய்வு 1968-இல் வெளிவந்தது. ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலரப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை. ஆண்டுக் கடைசியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறிப்பிடும்படி முன்னேறியிருந்தார்கள், மேல் வகுப்புகளில் அவ்வளவாக இல்லை. அந்த ஆய்வு காட்டிய விளைவின் அளவைப் பற்றிப் பிற்பாடு நிறைய வாதம் நடந்தது, நியாயமான வாதம்தான். எதிர்பார்ப்பின் விளைவு சிறியது என்கிறவர்களும் உண்டு. சரி, சிறியது என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் ஒரு நாளில் ஒரு பிள்ளையை எத்தனை முறை பார்க்கிறோம், எத்தனை முறை பார்க்காமல் கடக்கிறோம்? சிறியது தினமும் நடந்தால் எங்கே போய் நிற்கும்?

இனி நீங்கள் கொடுத்த பயிற்சிக்கு வருகிறேன். ‘வளரும் மனப்பான்மை’ என்பதை முன்வைத்த உளவியலாளர் கரோல் ட்வெக்கின் கருத்து எனக்குப் பிடித்தது. திறமை பிறவியிலேயே முடிவானது என்று நம்புகிற பிள்ளை தோல்வியைப் பார்த்ததும் ஒதுங்கும், வளர்க்க முடியும் என்று நம்புகிற பிள்ளை வேறு வழி தேடும் என்கிறார். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைப் பிள்ளைகளுக்கு உபதேசமாகச் சொன்னால் என்ன ஆகும் என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பயிற்சிதான் கொடுத்தார்கள். மதிப்பெண் குறைந்த மாணவர்களுக்கு சுமார் நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி அளவுக்கு உயர்வு கிடைத்தது. ஒரு மணி நேரச் செலவுக்கு அது நல்ல பலன்தான். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லவைத்த ஒரு பெரிய சோதனையின் முடிவும் வந்தது. அங்கே பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஓரிடத்தில் வேலை செய்வது இன்னோரிடத்தில் ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்விக்கு 2022-இல் கிடைத்த ஒரு பதிலை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அமெரிக்க ஆய்வுக் குழுவினர், தங்கள் மாணவர்களுக்குக் கணக்கு எடுத்த 200-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் நம்பிக்கையையும் கேட்டு வைத்திருந்தார்கள். திறமை வளரும் என்று ஆசிரியரே நம்பிய வகுப்புகளில் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. ஆசிரியர் நம்பாத வகுப்புகளில் அந்தப் பயிற்சி பெற்றும் ஒன்றும் நடக்கவில்லை. விதை அதே விதைதான். மண்தான் வேறு. ஒரு பல்கலைக்கழகத்தில் 150 பேராசிரியர்களையும் அவர்களிடம் படித்த சுமார் 15,000 மாணவர்களையும் வைத்து 2019-இல் வந்த ஆய்வும் இந்தப் பக்கமே காட்டுகிறது. திறமை மாறாதது என்று நம்பிய பேராசிரியர்களின் வகுப்பில், காலங்காலமாக ஒதுக்கப்பட்ட இனத்தாருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். என் வகுப்புச் சுவரில் ‘முயன்றால் முடியும்’ என்று ஒட்டியிருக்கிறது. கதவில் ‘குழு 3’ என்று ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் எதை நம்புவார்கள்? கதவைத்தான். ஏனென்றால் கதவின் பின்னால் நிர்வாகம் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, கேள்வித்தாள் இருக்கிறது. முயற்சி செய்யாததுதான் உன் குறை என்று சுவர் அவர்களைப் பார்த்துச் சொல்கிறது. எவ்வளவு முயன்றாலும் உனக்கு எடுக்காத பாடத்திலிருந்து முதல் குழுவுக்குக் கேள்வி வரும் என்று கதவு சொல்கிறது. நடுவில் நின்று நான் என்ன சொல்வது?

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஒரே வேகத்தில் கற்பதில்லை. ஒரே வகுப்பில் வைத்தால் வேகமானவர்களுக்குச் சலிப்பு, மெதுவானவர்களுக்குத் தவிப்பு. பெற்றோர்களும் கேட்கிறார்கள், தேர்ச்சி விகிதமும் பார்க்க வேண்டும். இதெல்லாம் நிஜமான சிரமங்கள். கலந்த வகுப்பில் பாடம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று 19 ஆண்டுகளாக எடுத்தவளுக்குத் தெரியாதா? ஆனால் நீங்கள் பிரித்தது இன்றைய மதிப்பெண்ணை வைத்து. பிரித்த பிறகு பாடத்தையும் பிரித்துவிட்டீர்கள். அங்கேதான் பெரிய கேடு. மூன்றாம் குழுவுக்கு விகிதமும் இயற்கணிதமும் இல்லை என்று தீர்மானித்திருக்கிறீர்கள். முதல் குழு அவற்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. ‘நன்றாகப் படித்தால் மேலே மாற்றுவோம்’ என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. என் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கே நூற்றுக்கு நூறு வாங்கினாலும் மேலே போய் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வாரமும் ஏணியில் ஒரு படியை நாமே கழற்றிக்கொண்டிருக்கிறோம். பதினோரு வாரத்தில் கீழிருந்து மேலே போனவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஒருவர்கூட இல்லை.

பின்லாந்தில் பொதுப் பள்ளிகளில் கணக்குக்கும் அயல்மொழிக்கும் இப்படித் தரம் பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் இருந்தது. 1985-இல் அதைக் கைவிட்டார்கள். பிற்பாடு பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வு 2000-இல் முதன்முதலாக நடந்தபோது அதில் அந்த நாடு முன்வரிசையில் வந்தது, பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான வித்தியாசமும் அங்கே மிகக் குறைவாக இருந்தது. அதற்குத் தரம் பிரிப்பதை விட்டது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆசிரியர் கல்வியில் அவர்கள் போட்ட உழைப்பு பெரிது. பிரிக்காவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது, அதைச் சொல்லத்தான் எடுத்தேன்.

அறிவுத் தேர்வு என்பதை உண்டாக்கியவரே என்ன சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்ஃப்ரெட் பினே 1905-இல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து அந்தத் தேர்வை வடிவமைத்தது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக. ஒருவரின் அறிவு இவ்வளவுதான், அதைக் கூட்ட முடியாது என்று சிலர் பேசுவதை அவர் 1909-இல் கடுமையாக மறுத்து எழுதினார். அது கொடுமையான அவநம்பிக்கை, அதை எதிர்க்க வேண்டும் என்பது அவர் நிலை. உதவி யாருக்கு வேண்டும் என்று பார்க்கச் செய்த கருவியை, யாருக்குப் பாடத்தைக் குறைக்கலாம் என்று பார்க்கப் பயன்படுத்தியிருக்கிறோம்.

முதல் குழுவில் எல்லாம் நலம் என்றும் நினைக்காதீர்கள். போன ஆண்டு வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்ட ஒரு சிறுமி இப்போது அந்தக் குழுவில் இருக்கிறாள். தாழ்வாரத்தில் பார்த்தபோது, “கணக்கு எப்படிப் போகுது?” என்று கேட்டேன். “நல்லா போகுது டீச்சர், ஆனா இப்பல்லாம் டவுட் கேக்கறதில்ல. கேட்டா நீ எப்படி இந்த க்ரூப்ல இருக்கேன்னு நெனச்சிடுவாங்க” என்றாள். கிளாடியா முல்லரும் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து சுலபமான புதிர்களையே தேர்ந்தெடுத்தார்கள். கஷ்டமானதில் தோற்றதும் ஆர்வம் இழந்தார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில் அதிகம். அந்தச் சிறுமிக்குப் பட்டியல் கொடுத்த பட்டம் அதுதான். அதைக் காப்பாற்றுவதற்காகக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் உத்தரவை மீறினேன். மூன்றாம் குழுவுக்கு வேண்டாம் என்று நீக்கிய எண் கோலங்கள் பகுதியை எடுத்தேன். 1, 1+3, 1+3+5 என்று கூட்டிக்கொண்டே போகச் சொன்னேன். 1, 4, 9, 16 என்று வந்தது. எல்லாம் சதுர எண்கள். ஏன் என்று கேட்டுவிட்டு, பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நீளமான அமைதி. அறிவிப்புப் பலகையில் கீழிருந்து பெயர் தேடினானே, அந்தப் பையன் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க ஆரம்பித்தான். ஒரு புள்ளி. அதை மூலையாக அணைத்துக்கொண்டு மூன்று புள்ளி. அதை அணைத்துக்கொண்டு ஐந்து. எழுந்து கரும்பலகைக்கு வந்தான், நான் கூப்பிடவில்லை. “டீச்சர், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வைக்கணும், அப்புறம் மூலைக்கு ஒண்ணு. ரெண்டு பக்கம் சேர்ந்தா இரட்டைப்படை, மூலையோட சேர்த்தா ஒற்றைப்படை. அதனாலதான் சதுரமாவே இருக்கு” என்றான். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்துவிட்டு, “இது எப்பவும் வருமா டீச்சர்?” என்று கேட்டான்.

எப்போதும் வருமா என்பது கணிதத்தின் உயிரான கேள்வி. அதைக் கேட்டவனின் கேள்வித்தாளில் இந்தப் பகுதியே இருக்காது. அன்று வகுப்பில் இருந்த மற்ற 33 பேரும் அவனைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். அடுத்த பருவம் தொடங்கும் முன் இந்த மூன்று பட்டியல்களையும் ரத்து செய்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழையபடி கலந்த பிரிவுகளில் உட்காரவையுங்கள். நிர்வாக வேலைகளுக்கு அதுவரை அவகாசம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு அவகாசம் வேண்டாம். வருகிற திங்கட்கிழமையிலிருந்தே மூன்று குழுக்களுக்கும் முழுப் பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள் என்று அறிவியுங்கள். விட்டுப்போன விகிதத்தையும் இயற்கணிதத்தையும் எடுப்பதற்கு எனக்கு வாரத்துக்கு இரண்டு பாடவேளை கூடுதலாகக் கொடுத்தால் போதும், அதற்குத் தனி ஊதியம் கேட்கவில்லை.

கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அவர்களுக்குத் தலைப்பு வாரியாக உதவி கொடுப்போம். பின்னத்தில் தடுமாறுகிறவர்கள் இரண்டு வாரம் ஒரு சிறு குழுவாக வரட்டும், தெளிந்ததும் திரும்பிப் போகட்டும். அடுத்த தலைப்புக்கு வேறு பிள்ளைகள் வருவார்கள். முதல் குழுவில் இருக்கிறவர்களும் வருவார்கள், பின்னம் அவர்களிலும் பலருக்குப் புரியவில்லை. இந்தக் குழுக்களுக்கு எண் வேண்டாம், பெயர்ப்பட்டியலைப் பலகையில் ஒட்டவும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள் பயிற்சி என்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கித் தாருங்கள். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். யாரிடம் கேட்கிறோம், எத்தனை நொடி காத்திருக்கிறோம், தவறான விடையைக் கேட்டதும் முகம் எப்படிப் போகிறது என்று குறித்துக்கொள்வோம். பிள்ளைகளின் நோட்டை நடுவில் வைத்துப் பேசுவோம். அந்தக் குறிப்புகள் நிர்வாகத்துக்கு வரக்கூடாது, ஆசிரியர்களின் மதிப்பீட்டில் சேரக்கூடாது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் ‘என் பார்வையில் தவறு இருக்கிறது’ என்று எந்த ஆசிரியரும் வாய்திறக்கமாட்டார். பிள்ளைகளிடம் தவறு செய்யப் பயப்படாதே என்று சொல்லும் நாங்கள் அந்தப் பயமில்லாமல் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று மாதத் தேர்வு. ஏழாம் வகுப்பு வரையாவது விடைத்தாளை முதலில் குறிப்பு மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்க அனுமதியுங்கள், மதிப்பெண் இரண்டு நாள் கழித்து வரட்டும். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள்; குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்தால் எழுத்தைப் படிப்பதில்லை, என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். அப்புறம், சுற்றறிக்கைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் ‘ஸ்லோ லேர்னர்’, ‘குழு 3 பிள்ளைகள்’ என்று எழுதுவதையும் பேசுவதையும் நிறுத்துங்கள். என்ன புரியவில்லையோ அதைச் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய முடியும்.

இந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவராவது ஒரு முழுப் பாடவேளை என் வகுப்புக்கு வந்து உட்காருங்கள். செவ்வாய் மூன்றாம் பாடவேளை, வியாழன் முதல் பாடவேளை. முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள், பருவத் தேர்வுக்கு அட்டவணை போடும் முன்பே தாருங்கள். அதற்கப்புறம் சேர்த்தாலும், இந்த 34 பேருக்கு விட்டுப்போன பாடத்தை எடுத்து முடிக்க நாள் போதாது.

இப்படிக்கு,
மூன்றாம் குழுவின் கணக்கு ஆசிரியை